நான்காவது அழுகை

எங்கள் தெருவில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கோடை நாடகத்தின் கடைசி நாளன்று நான் வேண்டுமென்றே நாடகத்தைக் கெடுத்துவிட்டேனாம். தையல்கடைக்காரர் சொல்கிறார். இஸ்திரி போடுகிறவர் சொல்கிறார். அன்றைக்கு அரங்கத்துப் பக்கமே வராத மருந்துக்கடைக்காரர் எல்லாரையும்விட விவரமாகச் சொல்கிறார். வேண்டுமென்றே செய்தேன் என்பது உண்மைதான். கெடுத்தேன் என்பது பொய். என்ன நடந்தது என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் முடித்தேன். பெருமையடித்துக்கொள்ளவும் முடியாத, ஒளித்துவைக்கவும் தேவையில்லாத மதிப்பெண்கள். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே வீட்டில் முடிவு வந்துவிட்டது: சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடை. சித்தப்பாவுக்கு ஆள் தேவை, எனக்கு வேலை இல்லை, கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார் அப்பா.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவதுதான் வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருக்கும். கண்ணால் பார்க்காத பஸ்ஸை வந்ததாக அவர் ஒருநாளும் எழுதியதில்லை. இதற்காக டிரைவர்கள் அவரைத் திட்டியிருக்கிறார்கள். மேலதிகாரிகூடத் திட்டியிருக்கிறார்.

பள்ளிகள் மூடியதும் எங்கள் ஊருக்கு ஒரு நாடகக் குழு வரும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக்கூரை அரங்கத்தை இரண்டு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளும். திங்கள் தவிர மற்ற நாளெல்லாம் மாலை ஆறு மணிக்கு ஆட்டம். இந்த வருஷம் ஒரே ஒரு நாடகம். மனைவியை விட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போன ஒருவன் ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். வீட்டில் தொட்டிலில் கைக்குழந்தை. மனைவி அவனைப் போகச் சொல்கிறாள். அவன் பேசுகிறான், நிறையப் பேசுகிறான். கடைசியில் அழுகிற குழந்தையைத் தூக்குகிறான், குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்துகிறது. "பார்த்தியா, குழந்தைக்கு என்னைத் தெரிஞ்சுடுச்சு" என்கிறான். மனைவி மனம் உருகி நிற்க, திரை விழுகிறது.

முதல் நாள் நான் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்தேன். குழந்தை அழுவதற்குத் தொட்டிலுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். மனைவி கண்ணீரோடு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தபோது, தொட்டிலிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று, "பேட்டரி லோ" என்றது. சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. அடங்கிய பிறகு தொட்டில் மறுபடியும், "பேட்டரி லோ" என்றது.

மறுநாள் காலையில் அரங்கத்துக்குப் போனேன். மேடையில் டைரக்டர் அந்த ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குழு அவருடையது. கதாநாயகனும் அவர்தான். நாடகத்தில் வீட்டு சோபாவாக இருந்ததன் மேல் கால் நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தவர் கதாநாயகி. பழைய நாடகம் ஒன்றில் ஆறு வருஷம் ராணி வேஷம் கட்டியதால் அவருக்கு மகாராணி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"டிக்கெட் சாயங்காலம்தான்மா," என்றார் டைரக்டர்.

"டிக்கெட் இல்ல சார். நடிக்கணும்."

"எல்லாருக்கும்தான் நடிக்கணும். உனக்கு என்ன தெரியும்?"

பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பேச்சை ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் அவர் கொட்டாவி விட்டார். ஐந்தாவது வரியில் ஸ்பீக்கரை மேசையில் தட்டிப் பார்த்தார்.

"பாவம், அந்தப் பொண்ணு முடிக்கட்டுமே," என்றார் மகாராணி. "நீங்க பேசறப்ப நாங்க கொட்டாவி விடறோமா? அடக்கிக்கிட்டுத்தானே நிக்கறோம்."

டைரக்டர் காதில் வாங்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. படிக்கட்டு வரை போனவள் திரும்பி நின்று சொன்னேன்: "அந்த ஸ்பீக்கர் சரியா இருந்தாலும் தப்புதான் சார். பசிக்கிற குழந்தை அப்படி அழாது. அது தூக்கம் வராம அழற அழுகை."

"ஓகோ. பசிச்சா எப்படி அழும்?"

அழுது காட்டினேன். என் அக்கா தன் குழந்தையோடு நாலு மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். எங்கள் வீடு இரண்டே அறை. தேர்வுக்குப் படித்த நேரமெல்லாம் அந்தக் குழந்தையின் தொண்டைக்குப் பக்கத்தில்தான் படித்தேன். பசி அழுகை அடித்தொண்டையில் முனகலாக ஆரம்பிக்கும். கொஞ்சம் விட்டு, நமக்கு வாய்ப்புக் கொடுத்து, பிறகு மேலே ஏறும். தூக்க அழுகை மூக்கில் வரும், மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகும். பயந்த அழுகைதான் மோசம். முதலில் வாய் திறக்கும், சத்தமே வராது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு முகமெல்லாம் சிவந்து ஒரு நிமிஷம் அப்படியே நிற்கும். நமக்கு உயிரே போய்விடும். அதற்குப் பிறகுதான் வெடிக்கும்.

நான் பசி அழுகையை முடிப்பதற்குள் திரை இழுக்கும் அண்ணன் பின்னாலிருந்து ஓடிவந்தார். "யாருங்க குழந்தைய உள்ள விட்டது? கீழ எல்லாம் ஆணி கெடக்குது!"

டைரக்டர் ஸ்பீக்கரை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார். எனக்கு வேலை கிடைத்தது.

ஆனால் குரல் பெரிதாக இருந்தது. தொட்டிலில் இருப்பது கைக்குழந்தை, நான் கத்தினால் எருமைக்கன்று போலக் கேட்டது. துணியை வாயில் வைத்துப் பார்த்தோம், அலமாரிக்குள் உட்கார்ந்து பார்த்தோம், குடத்துக்குள் கத்திப் பார்த்தோம். கடைசியில் மேடை துடைக்கிற நீல வாளி அகப்பட்டது. ஒரு பக்கம் விரிசல் விட்ட பிளாஸ்டிக் வாளி. அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, தலையை உள்ளே கவிழ்த்து அழுதால் குரல் சுருங்கிச் சின்னதாக, ஈரமாக வெளியே வந்தது. தொட்டிலுக்குப் பின்னால் சுவர் போல வரைந்த ஒரு பலகை. அதன் பின்னால் முக்காலி போட்டு, மடியில் வாளியோடு நான். பலகையில் விரல் அகலத்துக்கு ஒரு இடைவெளி. அதன் வழியாகத்தான் இரண்டு மாதம் உலகத்தைப் பார்த்தேன்.

மூன்று அழுகை எனக்கு. கணவன் கதவைத் தட்டும்போது ஒன்று. மனைவி அவனைப் போகச் சொல்லும்போது ஒன்று. கடைசியில் ஒன்று: அவன் தூக்கியதும், முதுகில் மூன்று முறை தட்டுவான், மூன்றாவது தட்டில் நிறுத்த வேண்டும். அவன் கையில் இருப்பது சுருட்டிய துண்டு. குழுவில் எல்லாருக்கும் நான் பாப்பா ஆகிவிட்டேன். "பாப்பா, டீ குடிச்சியா?" "பாப்பா, வாளிய யாரு எடுத்தது?" பதினெட்டு வயதில் யாராவது பாப்பா ஆவார்களா? நான் ஆனேன்.

ஒரே வாரத்தில் ஊர் முழுக்க நம்பிவிட்டது. ஒரு அம்மாள் குழந்தைக்கென்று கவுன் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கிளினிக் நர்ஸ் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து, "இந்த வெக்கையில கைக்குழந்தைய வச்சு நாடகம் போடறீங்களே, மனசாட்சி இருக்கா?" என்று சத்தம் போட்டார். டைரக்டர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். அவர் போனதும் கையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது. பாப்பா யார் கண்ணிலும் படக் கூடாது. ஐந்து மணிக்கு முன்பே பின்வாசல் வழியாக வர வேண்டும், கூட்டம் கலைந்த பிறகுதான் போக வேண்டும். நோட்டீஸில் பெயர் கிடையாது. ஆட்டம் முடிந்து எல்லாரும் வரிசையாக நின்று வணக்கம் சொல்லும்போது நான் பலகைக்குப் பின்னால் வாளியோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலில் எனக்கு இது ஜாலியாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் அப்பாவும் அம்மாவும் பார்க்க வந்தார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா கேட்டார்: "நீ எங்க இருந்தே?"

"நான்தான்பா குழந்தை."

"குழந்தை தொட்டில்ல இல்ல இருந்துச்சு?"

"அது நெஜக் குழந்தைடி," என்றாள் அம்மா. "ரெண்டு பெத்தவளுக்குத் தெரியாதா?"

வீட்டுக்குப் போய் அழுது காட்டினேன். அம்மா பழக்கதோஷத்தில் பால் பாட்டிலைத் தேடினாள். அப்பா மட்டும் அசையவில்லை.

"சரி, சத்தம் உன்னதுதான். ஆனா மேடையில உன்னை நான் பார்க்கலையே."

"அதான் கேட்டீங்களே!"

"ஹாரன் கேட்டுச்சுன்னு பஸ் வந்துடுச்சுன்னு எழுத முடியுமா?"

பாயை விரித்துப் படுத்துவிட்டேன்.

மகாராணிக்கு வேறொரு கோபம். தினமும் முகத்தில் பவுடரைப் போட்டுக்கொண்டே அதைச் சொல்வார். "இன்னியோட முப்பத்தோரு தடவை இந்த ஆள மன்னிச்சிருக்கேன். வசனத்துல ஒரு எடத்துலகூட அவன் மன்னிப்பு கேக்கல. நீ கவனிச்சியா பாப்பா? காத்து, நிலா, விதின்னு எல்லாத்தையும் பேசறான். 'தப்பு பண்ணிட்டேன்'னு ஒரு வார்த்தை? எனக்கு மூணு வசனம் இருந்துச்சு கேக்கறதுக்கு. நீளமா இருக்குதுன்னு வெட்டிட்டார்."

"இதெல்லாம் குழந்தை நிறுத்தறதுல வந்துடுதும்மா," என்பார் டைரக்டர், மீசை ஒட்டிக்கொண்டே.

இந்த இடத்தில்தான் நான் வாயைக் கொடுத்தேன். அக்கா வீட்டுக்காரர் வெளியூர் வேலையிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் தன் குழந்தையைப் பார்க்க வந்தார். ஆசையாகத் தூக்கினார். அது அவர் முகத்தைப் பார்த்தது, மூச்சை இழுத்தது, கூரை இடிகிற மாதிரி கத்தியது. அக்காவிடம் திருப்பிக் கொடுத்த பிறகுதான் நிறுத்தியது. அவர் நல்லவர். அன்று முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். பழக ஒரு வாரம் ஆனது.

"முன்ன பின்ன பார்க்காத ஆள் தூக்கினா குழந்தை நிறுத்தாது சார். இன்னும்தான் கத்தும்."

"அவன் அப்பன்மா. ரத்தம் பேசும்."

"ரத்தம் பேசுதோ இல்லையோ, நீங்க பேசறத நிறுத்த மாட்டீங்க," என்றார் மகாராணி.

ஆறாவது வாரம் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, மழைக்காலம் வரை இன்னும் மூன்று ஊர் இருக்கிறது, குழுவோடு வருகிறாயா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் சொன்னேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சட்டையை மாட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"கடைசி நாள் நான் வர்றேன். உன் அம்மா வருவா, சித்தப்பா வருவான். மத்தவங்களோட வரிசையில உன்னைப் பார்த்தேன்னா, நீ அந்தக் கூட்டத்துல ஒரு ஆளுன்னு ஒத்துக்கறேன். போ. பார்க்கலைன்னா திங்கக்கிழமை ஜெராக்ஸ் கடை. அப்பறம் பேச்சு கிடையாது."

டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். "பார்க்கலாம் பாப்பா, கடைசி நாள்தானே," என்றார். நான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். அது என் தப்பு. பெரியவர்கள் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று பதினெட்டு வயதிலாவது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி நாள் ஐந்தரை மணிக்கு, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"இன்னிக்கு வரிசையில எந்தப் பக்கம் சார் நிக்கட்டும்?"

"எந்த வரிசை?"

"வணக்கம் சொல்ற வரிசை. நீங்கதான் சொன்னீங்க."

"பார்க்கலாம்னு சொன்னேன். பார்த்தேன். வேணாம்." கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அடுத்த ஊர்ல இந்த ஊர்க்காரனுக்குச் சொந்தக்காரன் இருப்பான். குழந்தை இல்ல, ஒரு பொண்ணு வாளிக்குள்ள கத்துதுன்னு தெரிஞ்சா அப்பறம் யாரு வருவான்? நீ குரல்மா. குரலுக்கு மூஞ்சி எதுக்கு?"

"எங்கப்பா வந்திருக்கார் சார். என்னைப் பார்த்தாத்தான் அனுப்புவார்."

"பின்னால கூட்டிட்டு வா, நான் பேசறேன்."

"அவரு மேடையில பார்த்தாத்தான் ஒத்துப்பார்."

"அப்ப கண்ணாடி மாத்தச் சொல்லு," என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகாராணி சிரிக்கவில்லை. பவுடர் டப்பாவை மூடினார்.

நான் அழவில்லை. அழுவதுதான் எனக்கு வேலை, சும்மா அழ மாட்டேன். முக்காலியில் போய் உட்கார்ந்தேன்.

இடைவெளி வழியாகப் பார்த்தால் நாலாவது வரிசையில் மூன்று பேரும் இருந்தார்கள். அம்மா பையை மடியில் வைத்திருந்தாள். சித்தப்பா கடைச் சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். கையோடு கொடுத்துவிடலாம் என்று கொண்டுவந்திருந்தார். அப்பா நேராக உட்கார்ந்து மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்துக்கொண்டிருந்தார், பஸ் எந்தப் பக்கம் வரும் என்று பார்ப்பது போல.

முதல் அழுகை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. இரண்டும் சுத்தமாக வந்தன. கோபம் இருந்தால் குரல் கெட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். கெடவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. மூன்றாவது அழுகையை ஆரம்பித்தேன். டைரக்டர் தொட்டிலுக்குள் குனிந்து துண்டைத் தூக்கினார். ஒரு தட்டு. இரண்டு தட்டு. மூன்றாவது தட்டில் நிறுத்தினேன்.

சத்தியமாக நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் வாய் திறந்தபடியே இருந்தது, மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியும், நாலு மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அப்போதுகூட வாயை மூடியிருக்கலாம். நேரம் இருந்தது. வாளிக்குள் இருட்டாக இருந்தது, நனைந்த துண்டின் வாடை அடித்தது. மூட மாட்டேன் என்று நானே முடிவு செய்தேன்.

வெளியே அவருக்கு அமைதி மட்டும்தான் கேட்டது. முகத்தை மக்கள் பக்கம் திருப்பி, கண்ணில் நீர் ததும்ப, "பார்த்தியா," என்றார்.

வெடித்தேன்.

இரண்டு மாதத்தில் அப்படி ஒரு அழுகை அழுததில்லை. டைரக்டர் கையிலிருந்து துண்டு நழுவப் பார்த்தது. அவர் மறுபடி தட்டினார். நாலு, ஐந்து, பத்து. மேடையில் அங்கும் இங்கும் நடந்தார். பலகைக்குப் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "பாப்பா, நிறுத்து. பாப்பா, தயவுசெஞ்சு நிறுத்து," என்றார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அது கேட்டது. அவர் குழந்தையிடம் கெஞ்சுகிறார் என்று நினைத்து ஒரு அம்மாள் "உச்" கொட்டினார்.

நான் நிறுத்தவில்லை. தெரியாத ஆள் தூக்கியிருக்கிறான், ஒரு வருஷமாக எட்டிப் பார்க்காதவன். எந்தக் குழந்தை நிறுத்தும்?

வாளியிலிருந்து தலையை லேசாக எடுத்து இடைவெளி வழியாகப் பார்த்தேன், அழுதுகொண்டேதான். மகாராணி சுவரைப் பார்த்தார். சுவரை என்றால் என்னை. பிறகு சோபாவிலிருந்து எழுந்தார். அந்த இடத்தில் அவர் எழக் கூடாது, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் நேராக நடந்து போய் டைரக்டர் கையிலிருந்து துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

நிறுத்தினேன். அக்காவின் குழந்தை நிறுத்தியது போலவே, ஒரு விக்கலோடு.

டைரக்டர் வெறும் கையோடு நடுமேடையில் நின்றார். அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே வசனம். திரை இழுக்கும் அண்ணன் நாடகத்தைப் பார்ப்பதே இல்லை, செல்போனில் சீட்டு விளையாடுவார், அந்த வசனம் காதில் விழுந்தால்தான் கயிற்றை விடுவார். சொல்லாவிட்டால் திரை விழாது. நாற்பத்தேழு நாள் சொன்ன வாய், நாற்பத்தெட்டாவது நாளும் சொல்லியது:

"குழந்தைக்கு என்னைத் தெரிஞ்சுடுச்சு."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அடுத்த நொடி அரங்கமே சிரித்தது.

மகாராணி சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். "ஆமா," என்றார். "நல்லாவே தெரிஞ்சுடுச்சு."

சிரிப்பைக் கேட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த திரை அண்ணன் அப்போதுதான் கயிற்றை விட்டார். திரை விழுந்தது.

"பைத்தியமா உனக்கு?" டைரக்டர் மீசை பாதி கழன்று தொங்க என் முன்னால் வந்து நின்றார். "போ. பின்வாசல் வழியா இப்பவே போ. இனிமே என் மூஞ்சியில முழிக்காதே."

வெளியே கைதட்டல் விட்டு விட்டுக் கேட்டது. சிலர் தட்டினார்கள், சிலர் சண்டை போட்டார்கள். "அவன் திருந்தி வந்துட்டான்ல, அப்பறம் என்னய்யா?" என்று ஒருவர். "எங்க திருந்தினான்? ஒரு வார்த்தை சொன்னானா?" என்று ஒரு பெண் குரல். நாற்பத்தெட்டு நாளில் பார்வையாளர் பக்கமிருந்து இந்தக் கேள்வி வருவதை முதல்முறையாகக் கேட்டேன். வரிசை நிற்பதற்காகத் திரை மறுபடி மேலே போனது. டைரக்டர் மீசையை அழுத்திக்கொண்டு ஓடினார்.

என் இடது பக்கம் பின்வாசல். வலது பக்கம் மேடை. வேலை எப்படியும் போய்விட்டது. இனி யாருக்காக ஒளிந்திருக்க வேண்டும்? வாளியை எடுத்துக்கொண்டு வலது பக்கம் நடந்தேன்.

வரிசையின் ஓரத்தில் போய் நின்றேன். யாருக்கும் புரியவில்லை. "மேடை கழுவற பொண்ணு போல. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று யாரோ சொன்னார்கள். டைரக்டர் உதட்டை அசைக்காமல், "போடி உள்ளே," என்றார். வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது. நாலாவது வரிசை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பேச எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தெரிந்ததைச் செய்தேன். தலையை வாளிக்குள் கவிழ்த்து, பசி அழுகையை அடித்தொண்டையிலிருந்து ஆரம்பித்தேன்.

தலையை எடுத்தேன். "அடப்பாவிங்களா! குழந்தையே இல்லையா?" என்று ஒரு குரல். அதற்குப் பிறகு எல்லாம் ஒரே கலவரம். விசில் அடித்தார்கள், தட்டினார்கள். கவுன் தைத்துக் கொடுத்த அம்மாள் எழுந்து நின்று, "என் கவுனத் திருப்பிக் குடுங்க!" என்று கத்தினார். கிளினிக் நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். டைரக்டர் சொன்னதில் ஒன்று சரி, அதை மறைக்க மாட்டேன்: அந்த நொடியில் அந்தக் குழந்தை இல்லாமல் போய்விட்டது. இரண்டு மாதமாக அதற்காகப் பாவப்பட்டவர்களுக்கு என் மேல் கோபம் இருக்கிறது. தெருவில் ஓடும் பேச்சில் பாதி அந்தக் கோபம்தான். அது நியாயம். கவுனை மறுநாளே அந்த அம்மாள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

கண் வெளிச்சத்துக்குப் பழகியதும் நாலாவது வரிசை தெரிந்தது. அம்மா எழுந்து நின்றிருந்தாள். சித்தப்பாவின் விரலில் சாவிக்கொத்து சுற்றாமல் தொங்கியது. அப்பா கைதட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுதினார்.

வீட்டுக்கு நடக்கும்போது அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஏழாம் நம்பர் பஸ் தாமதம் என்பதற்குக் கீழே இருந்தது: "7.50. மேடை. வரிசையில் கடைசி. பார்த்தேன்."

"நான் சொன்ன சொல்லு மாறலை," என்றார் அப்பா. "ஆனா வண்டிக்காரனே உன்னை எறக்கி விட்டுட்டானே. இப்ப எதுல போவே?"

வாளி மட்டும் கையில் இருந்தது. திருப்பிக் கொடுக்காமலேயே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். "கொழந்தை மாதிரி அழாம பேப்பர் மாத்து," என்று சித்தப்பா நாலு நாளும் நாற்பது தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரித்தார். வந்தவர்கள் அடையாள அட்டையை நீட்டிவிட்டு, "ஒரு தடவை அழுது காட்டேன்," என்றார்கள். "இங்க ஜெராக்ஸ் மட்டும்தான். முன்பக்கமா, ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டேன். திமிர் பிடித்தவள் என்று அதற்கும் பெயர் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் போன் வந்தது.

"பாப்பா," என்றார் டைரக்டர்.

"பாப்பான்னு கூப்பிடாதீங்க சார்."

"அப்ப எப்படித்தான் கூப்பிடறது?"

"நோட்டீஸ்ல போடப்போற பேரைச் சொல்லி."

அவர் பேச்சை மாற்றினார். அடுத்த ஊரில் மூன்று ஆட்டம் ஸ்பீக்கரோடு போட்டார்களாம். குழந்தை மூன்றாவது தட்டில் ஒழுங்காக நிறுத்தியதாம். மகாராணிதான் நிறுத்தவில்லையாம். மூன்று நாளும் எழுந்து வந்து துண்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாராம். இனி மன்னிக்கப் போவதில்லை, வேண்டுமானால் வேறு மனைவி பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறாராம்.

"வந்து சேரு," என்றார். "மூணு அழுகை. பழையபடி."

"நாலு. கடைசியா வெடிச்சதும் சேர்த்து."

"சரி, நாலு. ஆனா வரிசை கெடையாது."

"தினமும் வரிசையில நிப்பேன் சார்."

"தெரிஞ்சுட்டா எவன் நம்புவான்?"

"போன வருஷ நாடகத்துல தினமும் செத்து விழுந்தீங்களே. அப்பறம் எழுந்து வந்து வணக்கம் சொன்னீங்க. மறுநாள் நீங்க செத்தப்ப யாரும் அழாமயா இருந்தாங்க?"

போனுக்கு அந்தப் பக்கம் யாரோ வேர்க்கடலை மென்றுகொண்டே சிரிப்பது கேட்டது. டைரக்டர் பெருமூச்சு விட்டார்.

"வாளிய எடுத்துட்டு வா," என்றார். "இங்க இருக்கற வாளி எதுவும் சரியா வரல."

அப்படியானால் யாரோ முயற்சி செய்து பார்த்திருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

அம்மா ஒரு புதுச் சிவப்பு வாளி வாங்கித் தருகிறேன் என்கிறாள், விரிசல் விட்ட வாளியோடு வெளியூர் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று. புது வாளி கணகணவென்று எதிரொலிக்கும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலை ஆறு இருபது பஸ். டிப்போவில் அப்பாவுக்கு டூட்டி. என் பஸ் புறப்படும் நேரத்தை அவர்தான் எழுதுவார்.

நாடகத்தைக் கெடுத்தேன் என்கிறவர்கள் ஒருமுறை வந்து பார்க்கலாம். அடுத்த ஊர் ஒன்றரை மணி நேரத் தூரம்தான். ஆட்டம் ஆறு மணிக்கு. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இருங்கள். வரிசையில் வாளியோடு நிற்பவள் நான்.